கெளுத்திப் பாட்டு

வலது கை முடிந்து இடது கைக் கட்டைவிரலை எடிரின் பிடித்தபோது, அப்பா அந்தப் பாட்டை முனக ஆரம்பித்தார். சொல் இல்லை, வெறும் மெட்டு. நாலு நாளாகத் தண்ணீர்கூட இறங்காத தொண்டையில் அதற்கு மட்டும் எங்கே இடம் இருந்ததோ. நகம் வெட்டிக்கொண்டிருந்த பிளேடு அவள் கையில் அப்படியே நின்றது.

“அப்பா, அது வேண்டாம்.”

“எது?”

“அந்தப் பாட்டு.”

உமுகோரோ கண்ணைத் திறக்காமலே சிரித்தார். உடம்பில் மற்றதெல்லாம் வற்றிவிட்டது. மீசை மட்டும் வாயின் இரண்டு ஓரத்திலும் பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது.

“நல்ல மெட்டும்மா. என்னைத் திட்டுதுங்கறதுக்காக மெட்டு கெட்டதாயிடுமா?”

“உங்களைத் திருடன்னு சொல்ற பாட்டுப்பா அது.”

“சொல்லட்டுமே. இந்த ஊர்ல செம்பனை ஏறிக் குலை வெட்டினவன் எத்தனை பேர் செத்திருக்கான். அதுல ஒருத்தன் பேராவது உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்குப் பாட்டு இருக்கு.”

இப்படிப் பேசுகிறவரை என்ன செய்வது? எங்கள் ஊர் இரண்டு பகுதி. ஆற்றோரம் நாங்கள், மேட்டில் அவர்கள். உஜே ஆட்டம் ஒரு வருஷம் அவர்களுடையது, மறு வருஷம் எங்களுடையது. ஆடுகிற பகுதி எதிர்ப்பகுதி ஆட்களைப் பேர் சொல்லிப் பாட்டில் கிழிக்கும். கிழிபடுகிறவர் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி அடிவரை கேட்க வேண்டும். நடுவில் எழுந்தால் போச்சு, கை ஓங்கினால் அவருடைய பகுதிக்கே தலைகுனிவு. பதில் இருந்தால் அடுத்த வருஷம் பாட்டாகத்தான் கொடுக்க வேண்டும். உமுகோரோவின் பாட்டுக்கு முப்பது வருஷமாகப் பதில் போகவில்லை. பதில் கட்ட வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார். பதில் இல்லாத பாட்டை ஊர் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

மேட்டுக் குளத்துக் கெளுத்தி எங்கே?
உமுகோரோ சட்டியைக் கேளு.
கெளுத்திக்கும் மீசை, அவனுக்கும் மீசை,
யாரு யாரைத் தின்னாங்க, கேளு.

ஆற்றில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் மேட்டுப் பெண்கள் இதைப் பாடித்தான் எடிரினுக்குக் குடம் தூக்கிவிட்டார்கள். அவளைப் பெண் கேட்டு வந்த முதல் வீட்டார் தின்பண்டத்தைத் தின்றுவிட்டு, திரும்பிப் போகும் வழியில் இதைப் பாடிக்கொண்டே போனார்கள். வாரிப் பட்டணத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்ச் சந்தையில் துணிக்கடை போட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தாள். ஒருநாள் வாடிக்கைக்காரி ஒருத்தி அவள் ஊர்ப்பேரைக் கேட்டுவிட்டு, “ஓ, அந்தக் கெளுத்தி ஊரா?” என்றாள். அன்று எடிரின் கடையைச் சீக்கிரமே அடைத்தாள்.

“நான் செத்தா எசிரி வருவான்” என்றார் அப்பா. எசிரிதான் அந்தப் பாட்டைக் கட்டிய மேட்டுக்காரர். “வந்தா நல்ல நாற்காலியாப் போடு. அவனுக்கு முட்டி சரியில்ல.”

“உங்களுக்கு அவமானமே கிடையாதாப்பா?”

மெட்டு மறுபடி ஆரம்பித்தது.

“இன்னொரு தடவை முனகினீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்.”

மெட்டு சற்று நின்றது. பிறகு, இன்னும் மெதுவாக, மீசை அடிக்கு வந்தது. எடிரின் பிளேடை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள்.

அவள் திரும்பி வர அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அம்மா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் இரண்டு காலையும் மடியில் வைத்திருந்தாள்.

“போயிட்டார்” என்றாள் அம்மா. “அப்பவே.”

குடம் நிறைந்திருந்தது. அதை எங்கே இறக்குவது என்று எடிரினுக்குத் தெரியவில்லை. போய்விடுவேன் என்று மிரட்டியதுதான் அப்பாவிடம் அவள் கடைசியாகப் பேசிய பேச்சு. இன்னும் அரை மணி நேரம் முனகவிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று தன்னையே வெறுத்தாள். அழுகை உடனே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தலையிலிருந்து குடத்தை இறக்கிய பிறகுதான் வந்தது.

ஐஸ் பெட்டியில் தன்னை வைக்கக்கூடாது என்று உமுகோரோ போன மழைக்காலக் காய்ச்சலின்போதே சொல்லிவைத்திருந்தார். மறுநாள் மதியமே புதைப்பது என்று முடிவாயிற்று. அவர் தம்பி ஒடாஃபே ஆட்களைக் கூட்டிக் குழிக்கு இடம் காட்டினார். அடுப்பில் செம்பனைப் பழச் சாறு கொதித்தது. குளிப்பாட்ட வந்த கிழவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, “மீசையையும் எடுத்துடவா?” என்று கேட்டார்.

“அதைத் தொடாதீங்க” என்றாள் அம்மா. வந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

ஒடாஃபேதான் ஆற்றோரப் பகுதியின் பாட்டுக்காரர். நாற்பது வயதுக்குள் மேட்டில் இரண்டு பேரை ஊரை விட்டே போகும்படி பாடியவர். தன் கூடப்பிறந்தவருக்கு மட்டும் ஓர் அடி கட்ட முடியாமல் முப்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் உடம்பு பக்கத்து அறையில் கிடக்கும்போதே பேச்சை எடுத்தார்.

“எடிரின், நாளைக்கு எசிரி வருவான்.”

“தெரியும் சித்தப்பா.”

அவர்கள் வந்தே ஆக வேண்டும். பாட்டு வாங்கினவர் செத்தால், கட்டினவர்கள் வந்து குழிக்கு முன்னால் நிற்பார்கள். செத்தவர் வீட்டில் யாராவது முதல் அடியை எடுத்துக் கொடுத்தால், அதை முழுசாக ஒரே ஒரு தடவை பாடி ஆடிவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. வீட்டார் எடுத்துக் கொடுக்கவில்லை என்றால் பாட்டு உயிரோடு இருக்கும், பேரன் பேத்திவரை ஒட்டிக்கொண்டு வரும். எடுத்துக் கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஆமாம், எங்கள் ஆள் அப்படிப்பட்டவன்தான் என்று வீடே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

“எடுத்துக் குடுத்தா அண்ணன் திருடனாக் குழிக்குள்ள போவார்” என்றார் ஒடாஃபே. “குடுக்கலேன்னா உன் பசங்க கெளுத்திப் பசங்களா வளருவாங்க. மூணாவது வழி ஒண்ணு இருக்கு. அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் பதிலைப் பாடிடணும். இப்ப என்னைத் தடுக்க அவர் இல்ல.”

“பாடுங்க சித்தப்பா. அதைத்தான் நானும் கேட்கறேன். அப்பா பேரு சுத்தமாகணும்.”

“எதை வெச்சுப் பாடறது? வேர் இல்லாத பாட்டை எசிரி ஒரு சிரிப்புல சாய்ச்சுடுவான். யாரும் மீன் பிடிக்கக்கூடாதுன்னு காவல் ஓலை கட்டின குளத்துல அவர் மீன்கூடு கிடந்துச்சு. அவர் கத்தி போட்ட குறி அதுல இருந்துச்சு. அது எப்படி அங்க போச்சுன்னு எனக்கு ஒருத்தர் சொல்லட்டும், விடியறதுக்குள்ள பாட்டு தயார்.” அவர் வாசல் பக்கம் திரும்பினார். “அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?”

அம்மா ஒகாலே மரவள்ளி மாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். “எனக்கு என்ன தெரியும்” என்றாள், துடுப்பை நிறுத்தாமல்.

வெயில் சாயும் நேரத்தில், மேலே போர்த்தத் துணி எடுக்கச் சொன்னார்கள். வாரியிலிருந்து எடிரின் கொண்டுவந்தது வெறும் காடாத் துணி. அம்மாவின் மரப்பெட்டியில் நல்லது ஏதாவது இருக்கும் என்று திறந்தாள். பழைய சீலைகள், ஒரு சபைப் புத்தகம், அதற்குக் கீழே தாளில் சுற்றிய ஒரு பொதி. பிரித்ததும் அவள் கை தானாகவே துணியின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தது. சிவப்பும் நீலமும் கட்டம் போட்ட, மதராஸிலிருந்து கப்பலில் வந்த துணி. இந்த நெசவு இப்போது வருவதே இல்லை. இருபது வருஷமாகத் துணி விற்கிறவளுக்கு அதன் வயது தெரியும். மடிப்பு விழுந்த இடங்களைத் தவிர வேறெங்கும் சாயம் மங்கவில்லை. ஒரே ஒரு தடவைதான் கட்டியிருக்க வேண்டும்.

“அம்மா, இது எப்ப எடுத்தது?”

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“அதைப் போர்த்தாதே.”

“ஏன்? இதைவிட நல்ல துணி நம்ம வீட்ல இல்லையே.”

“அது வேண்டாம் எடிரின். அந்தத் துணிக்குத்தான் அவர் பாட்டு வாங்கினார்.”

எடிரினுக்கு முதலில் புரியவில்லை. அம்மா பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பேசும்போது மகளைப் பார்க்கவில்லை.

“எங்க வயசுக்காரிங்க எல்லாரும் அந்த வருஷ ஆட்டத்துக்கு ஒரே துணி எடுக்கறதுன்னு பேசினோம். இவர்கிட்ட கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம்னார். இருபது பேர் ஒரே துணியில நிக்கும்போது நான் மட்டும் பழைய துணியில நிக்கணுமா? மேட்டுக் குளத்துல மீன் அப்படியே மண்டிக் கிடந்துச்சு. இவர் மீன்கூட்டை எடுத்துட்டுப் போய் மூணு நாள் வெச்சேன். உகெல்லி சந்தையில வித்தேன். நாலாவது நாள் ஆள் நடமாட்டம், கூட்டை விட்டுட்டு ஓடி வந்துட்டேன்.”

“நீயா?”

“நான்தான்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“கூடு அகப்பட்டுச்சுன்னு ஊர்ல பேச்சு வந்த அன்னைக்கே தெரியும். என் கையைத்தான் பார்த்தார். ஒண்ணும் கேட்கல.” ஒகாலே துணியின் மடிப்பை விரலால் நீவினாள். “ஆட்டத்தன்னைக்கு நான் இதைக் கட்டிட்டு எங்க கூட்டத்தோட நிக்கறேன். அவர் முன்வரிசையில உட்கார்ந்திருக்கார். பாட்டு தொடங்குது. துணி என் உடம்புல, பாட்டு அவர் தலையில. ஊரே சிரிக்குது. அவர் கடைசிவரைக்கும் எழுந்திருக்கல.”

“வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்?”

“துணி நல்லா இருக்குன்னார்.”

வெளியே குழிக்கு மண் வெட்டுகிற சத்தம் கேட்டது. எடிரினுக்கு வந்தது கோபம்தான். குடம் தூக்கிவிட்ட பெண்களின் சிரிப்பு, பெண் கேட்டு வந்து திரும்பிப் போன கூட்டம், வாரியில் கடையை அடைத்த அன்று, எல்லாமே ஒரு துணிக்காக. அதுவும் பெட்டியில் தூங்குகிற துணி.

“முப்பது வருஷம் எப்படிம்மா வாயைத் திறக்காம இருந்தே?”

“முதல்ல அவர் சொல்லவிடல. அப்புறம் எனக்கும் பழகிடுச்சு.” அம்மா இதைச் சொன்னபோதுதான் முதல்முறையாக மகளைப் பார்த்தாள். “இப்ப அவர் இல்ல. நாளைக்கு நானே முதல் அடியை எடுக்கறேன். அவர் பேர் வர்ற இடத்துல என் பேரை வெச்சுப் பாடறேன். ஒகாலே சட்டியைக் கேளுன்னு. எசிரி அதையே பாடி ஆடட்டும். அவர் சுத்தமாப் போகட்டும்.”

“செய்யும்மா” என்றாள் எடிரின். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அம்மாவுக்கு இனி எப்படி இந்த ஊரில் நடமாட்டம் இருக்கும் என்று கேட்டுக்கொள்ளவுமில்லை. அப்பாவுக்கு இது வந்து சேர வேண்டியது, அவ்வளவுதான் அப்போது அவள் மனதில் இருந்தது.

மறுநாள் காலை, சவப்பெட்டியில் வைப்பதற்கு முன்னால், ஜன்னல் விளிம்பிலிருந்து பிளேடை எடுத்து அப்பாவின் இடது கை நகங்களை வெட்டி முடித்தாள். விரல்கள் மடங்க மறுத்தன. ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்து வெட்டினாள். காடாத் துணியையே போர்த்தினார்கள்.

மேட்டுக்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். மூன்று மேளம், ஒரு சீசாச் சாராயம், ஒரு தட்டுக் கோலாக்கொட்டை. எசிரி எல்லோருக்கும் பின்னால், கம்பை ஊன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். எடிரின் வழக்கப்படி முட்டி போட்டு, “மிக்வோ” என்று வணக்கம் சொன்னாள்.

“எழுந்திரும்மா” என்றார் அவர். “முகத்தைப் பார்க்கலாமா?”

பெட்டிக்குப் பக்கத்தில் அவர் நின்ற நேரம் அதிகம்தான். ஒடாஃபே தூரத்திலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார். எடிரின் வீட்டிலிருந்த ஒரே கைவைத்த நாற்காலியைப் போட்டாள். உட்கார்ந்ததும் எசிரி முட்டியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

“மீசையை விட்டு வெச்சீங்களே. நல்ல காரியம்.”

எடிரினால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “ஐயா, உங்க பாட்டு பொய். செத்தவர் வீட்ல சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா அந்த மீனைத் தொடவே இல்ல.”

கிழவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கோலாக்கொட்டையை உடைத்துப் பாதியை அவளிடம் நீட்டினார்.

“தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“மெதுவாப் பேசு. நான் கட்டின முதல் பாட்டுல உங்கம்மா பேர்தான் இருந்துச்சு. சந்தையில அவ கெளுத்தி வித்ததை எங்க பொம்பளை ஒருத்தி பார்த்துட்டு வந்து சொன்னா. பாதி கட்டிட்டேன். ஒருநாள் மரவள்ளிக் கொல்லையில நிக்கறேன், உங்கப்பன் வரான். ஆத்தங்கரைக்காரன், ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, எங்க எல்லைக்குள்ள. அடிக்கத்தான் வரான்னு கம்பைத் தூக்கினேன்.”

“அப்புறம்?”

“‘நீ தப்பாக் கட்டறே, மீன் பிடிச்சது நான், சந்தைக்குக் குடுத்தனுப்பினதும் நான்’னான். எதிரியைப் பத்திக் கோள் மூட்ட ஆயிரம் பேர் வருவான். தன்னைப் பத்தித் தானே கோள் சொல்ல வந்தவனை நான் அவன் ஒருத்தனைத்தான் பார்த்திருக்கேன். எனக்கு நம்பிக்கை வரல. முகத்துல தெரிஞ்சிருக்கும்போல. பாதிப் பாட்டைப் பாடிக்காட்டச் சொன்னான். பாடினேன். ‘ரெண்டாவது கண்ணி சப்புனு இருக்கே, என் மீசையை எங்க விட்டே?’னு கேட்டான்.” எசிரி சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது. “கெளுத்திக்கும் மீசை, அவனுக்கும் மீசை. அது என் அடி இல்லம்மா. உங்கப்பன் போட்டது. பொம்பளை பேரை வெச்சா அந்த அடி வராது. இவ்வளவு நல்ல அடியை எந்தப் பாட்டுக்காரன் விடுவான்? பேரை மாத்திட்டேன்.”

எடிரின் கையில் கோலாக்கொட்டை அப்படியே இருந்தது.

“ஆட்டத்தன்னைக்கு அந்த அடி வரும்போது அவன் முகத்தைப் பார்த்தேன்” என்றார் எசிரி. “ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்குது. அவன் என்னைப் பார்க்கறான். சரியா விழுந்துச்சா, இல்லையான்னு. நான் எத்தனையோ கட்டியிருக்கேன். ஜனங்க திரும்பத் திரும்பக் கேட்கறது அது ஒண்ணைத்தான்.”

சபைப் போதகர் வந்து இரண்டு ஜெபமும் ஒரு சங்கீதமும் சொன்னார். அடுத்து வரப்போவது தன் காதில் விழுந்துவிடக் கூடாது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பினார். பெட்டியைக் குழியின் ஓரத்தில், இரண்டு கட்டைகளின்மேல் வைத்தார்கள். வெட்டின ஆட்கள் முழங்கால்வரை செம்மண்ணோடு ஓரமாக ஒதுங்கினார்கள். ஒரு பக்கம் நாங்கள், எதிரே மேட்டுக்காரர்கள். எசிரி கம்பைத் தன் ஆள் ஒருவனிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். மேளக்காரர்கள் தோலின்மேல் கையை வைத்தபடி காத்திருந்தார்கள்.

ஒடாஃபேயிடம் பாட இன்னும் ஒன்றும் இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா எழுந்தாள். எடிரினின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். ஒரு தடவை முன்வரிசையில் இருந்த பெண்களைப் பார்த்தாள். எல்லோரும் அவள் வயசுக்காரிகள், அந்த வருஷம் ஒரே துணி கட்டினவர்கள். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

எடிரின் சும்மா இருந்தால் போதும். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரண்டு அடிக்குள் அப்பாவின் பேர் சுத்தமாகிவிடும். பத்து வயதிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றைத்தான். மரவள்ளிக் கொல்லையில் நின்று, தன் மீசையை எங்கே விட்டாய் என்று கேட்ட மனிதர் அப்போது அவள் கண்முன் வந்தார்.

அம்மா மூச்சை இழுத்தாள். எடிரின் முந்திக்கொண்டாள்.

“மேட்டுக் குளத்துக் கெளுத்தி எங்கே?”

குரல் கரகரவென்று, சந்தையில் விலை கூவுகிற குரலாக வந்தது. வாழ்நாளில் அவள் அந்தப் பாட்டைப் பாடியதே இல்லை. எங்கும் நிற்காமல் இரண்டாவது அடிக்குப் போனாள்.

“உமுகோரோ சட்டியைக் கேளு.”

“எடிரின்” என்று கத்தினார் ஒடாஃபே. அவர் சத்தத்தின்மேல் மேளம் விழுந்தது.

மேட்டுக்காரர்கள் பாட்டை வாங்கிக்கொண்டார்கள். எசிரி கெட்டுப்போன முட்டியோடு, ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தரையில் தேய்த்து, பெட்டியைச் சுற்றி ஆடினார். அம்மா வாய் திறந்தபடி மகளையே பார்த்தாள். எடிரின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் குரல் உடைந்துவிடும் என்று பயந்தாள். மீசை அடி வந்தபோது அவளுக்குப் பின்னாலிருந்து சத்தம் எழும்பியது. ஆற்றோரத்து ஜனங்கள் பாடினார்கள். முப்பது வருஷமாக இந்தப் பாட்டைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிற எங்கள் ஆட்களுக்கு ஓர் அடி விடாமல் தெரிந்திருந்தது. ஒடாஃபேயின் உதடுகூட அசைந்துகொண்டிருந்தது. அடுத்த கண்ணியில் அம்மா சேர்ந்துகொண்டாள், அரைத் தாளம் பிந்தி. அவர் பேர் வந்த இடத்தில் அவர் பேரையே சொன்னாள். அவள் கன்னம் முழுக்க ஈரமாக இருந்தது.

ஐந்து கண்ணியும் முடிந்ததும் எசிரி கையை உயர்த்தினார். மேளம் நின்றது. மேளக்காரர்கள் மூன்று மேளத்தையும் முகம் கீழே படும்படி மண்ணில் கவிழ்த்தார்கள். பெட்டியை இறக்கினார்கள். முதல் கைப்பிடி மண்ணை எடிரின் போட்டாள்.

கூட்டம் சாப்பிடப் போயிற்று. அம்மா எடிரினின் இலையில் மரவள்ளி உருண்டையை வைத்து, சாற்றை ஊற்றி, மீன் துண்டில் பெரியதாகப் பார்த்து எடுத்துப் போட்டாள்.

“தின்னு” என்றாள். “நேத்துலேர்ந்து நீ ஒண்ணும் தின்னல.”

மேட்டுக்காரர்கள் கிளம்பியபோது எடிரின் முறைப்படி அவர்களோடு பாதைவரை போனாள். எசிரி அவள் தலையில் கையை வைத்துவிட்டு, கம்பை ஊன்றி நடந்தார். ரப்பர் மரங்கள் தொடங்குகிற திருப்பத்தில் அவர்கள் மறைந்தார்கள். அங்கிருந்து, மேளத்தைத் தோளில் மாட்டியிருந்தவர்களில் யாரோ ஒருவன், பழக்க தோஷத்தில், அந்த மெட்டைச் சீட்டியடிக்க ஆரம்பித்தான். மீசை அடியின் பாதியில் யாரோ அவனை அதட்டினார்கள்.

சீட்டி நின்றது. எடிரின் மீதியும் வருமா என்று பாதையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.